ஸ்விட்ச் இணையம் தருவதில்லை, பங்கு போடுவதும் இல்லை

இணைப்புக்காரர் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியில் நாலே நாலு லேன் போர்ட், அதாவது நெட் வயர் செருகும் துளைகள். டிவி, கணினி, கேமரா ரெக்கார்டர், பிரிண்டர் என்று நாலும் நிரம்பிவிட்டன. ஐந்தாவது வயரைச் செருக இடமில்லை. "ஒரு ஸ்விட்ச் வாங்கிப் போட்டுக்குங்க" என்று யாராவது சொல்வார்கள். இது விளக்கு போடும் சுவிட்ச் அல்ல, நெட் வயர்களைச் செருகக் கூடுதல் போர்ட்கள் தரும் சின்னப் பெட்டி. சரியான யோசனைதான். ஆனால் கூடவே மூன்று பேச்சுகளும் காதில் விழும். ஸ்விட்ச் போட்டால் வேகம் பாதியாகிவிடும் என்பார் ஒருவர். வேகம் கூடும் என்பார் இன்னொருவர். ஸ்விட்சும் ரவுட்டரும் ஒன்றுதான், எது கையில் இருக்கிறதோ அதைப் போடுங்கள் என்பார் மூன்றாமவர். மூன்றும் தவறு. முதல் பேச்சை நம்பினால் தேவையானதை வாங்காமல் விடுவோம், இரண்டாவதை நம்பினால் காசு வீண், மூன்றாவதை நம்பினால் வீட்டில் சில கருவிகளுக்கு நெட் நின்றுபோகும்.

ஸ்விட்ச் செய்வது ஒரே வேலை: வந்த தகவலை அது போகவேண்டிய போர்ட்டுக்கு அனுப்புவது. இதைப் புரிந்துகொண்டால் எந்த வயரை எங்கே செருகுவது என்பதும், கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது என்பதும் தானாகப் பிடிபடும்.

ஒரே பெட்டிக்குள் நாலு பெட்டி

குழப்பத்துக்குக் காரணம் நாம் "மோடம்" என்று சொல்கிற அந்தப் பெட்டிதான். ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டிக்குள் நாலு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. கண்ணாடி இழையில் ஒளியாக வருவதை மின்குறிகளாக மாற்றுவது ஓஎன்டி. வீட்டுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே நின்று, வீட்டுக் கருவிகளுக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) கொடுத்து, அவற்றின் கோரிக்கையை வெளியே கொண்டுபோவது ரவுட்டர். வயரில்லாமல் போனோடு பேசுவது வைஃபை. நாலாவது, பின்னால் இருக்கும் அந்த நாலு லேன் போர்ட்கள். அவையே ஒரு ஸ்விட்ச்.

அதாவது வீட்டில் ஏற்கெனவே ஸ்விட்ச் இருக்கிறது. கடையில் வாங்கப்போவது அதை நீட்டிக்க இன்னொன்று. ஓஎன்டி, ரவுட்டர் வேலைகள் பழைய பெட்டியிலேயே நடந்துகொண்டிருக்கும். புதிய ஸ்விட்ச் அவற்றில் தலையிடாது.

புதிதாக வந்த வாட்ச்மேன்

எட்டு வாசல் உள்ள ஓர் அடுக்ககம். வாட்ச்மேன் இன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். எந்த வாசலில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லித் தரவும் இல்லை. ஆனால் கையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். மூன்றாம் வாசலிலிருந்து ஒரு கவர் வருகிறது. அனுப்புநர் செல்வி, பெறுநர் முருகன். அனுப்புநர் பெயரைப் பார்த்ததுமே "செல்வி, மூன்றாம் வாசல்" என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார். முருகன் எங்கே என்று தெரியாததால் கவரின் நகலை மற்ற ஏழு வாசல்களிலும் போடுகிறார். முருகன் மட்டும் எடுத்துக்கொள்கிறார், மற்றவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆறாம் வாசலிலிருந்து முருகன் பதில் எழுதுகிறார். இப்போது "முருகன், ஆறாம் வாசல்" என்பதும் நோட்டில் ஏறிவிட்டது. இனி இவர்கள் இருவருக்கும் நடுவே போகும் கவர்கள் வேறு எந்த வாசலுக்கும் போகாது.

ஸ்விட்ச் இப்படியேதான் இயங்குகிறது. வாட்ச்மேன் பெறுநரைப் பார்த்துக் கற்கவில்லை, அனுப்புநரைப் பார்த்துக் கற்றார் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் சாதாரண ஸ்விட்சில் எதையும் 'செட்டிங்' செய்யவேண்டியதில்லை. வயரைச் செருகி ஒரு கருவி முதல் தகவலை அனுப்பினாலே போதும், அது எந்த போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்சுக்குத் தெரிந்துவிடும்.

இனி உண்மைப் பெயர்கள். அந்தக் கவர்தான் ஃபிரேம். வயரில் போகும் தகவல் அதிகம் போனால் 1500 பைட் கொண்ட துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புநர், பெறுநர் முகவரி ஒட்டப்படுகிறது. 5 எம்பி அளவுள்ள ஒரு புகைப்படம் சுமார் 3,400 ஃபிரேம்களாகப் போகும். கவரின் மேல் எழுதியிருக்கும் பெயர் மேக் முகவரி. நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே கொடுக்கப்படும் 48 பிட் எண் அது. முதல் பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும். வாட்ச்மேனின் நோட்டு மேக் அட்டவணை. ஒரு கருவி பேசாமலே இருந்தால் அதன் பெயரை ஸ்விட்ச் நோட்டிலிருந்து அடித்துவிடும், பெரும்பாலும் 5 நிமிடத்தில். அதனால் ஒரு கணினியை வேறு போர்ட்டுக்கு மாற்றினாலும் பயமில்லை. புது இடத்திலிருந்து அது வாய் திறந்ததுமே நோட்டு திருத்தப்படும்.

பெறுநர் இணையத்தில் எங்கோ இருக்கும் ஒரு சர்வர் என்றால்? அந்த சர்வரின் மேக் முகவரி ஸ்விட்சுக்குத் தெரியவே வேண்டாம். வெளியே போகும் ஃபிரேம்களில் கணினி பெறுநராக எழுதுவது ரவுட்டரின் மேக் முகவரியைத்தான். ரவுட்டர் இருக்கும் போர்ட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஸ்விட்சின் பொறுப்பு முடிந்தது. இணையம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

பழைய கடைக்காரர்கள் இன்னமும் இதை "ஹப்" என்று சொல்வதுண்டு. ஹப் வேறு. அது நோட்டு வைத்துக்கொள்ளாத வாட்ச்மேன்: வந்ததையெல்லாம் எல்லா வாசலிலும் போடும். ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும், இருவர் பேசினால் மோதல். 1990-இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஈதர்நெட் (லேன் வயர்களில் தகவல் போகும் முறை) ஸ்விட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதுதான் இந்த நெருக்கடி தீர ஆரம்பித்தது. பெயர் தற்செயல் அல்ல. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரை வைத்தார். 1994-இல் நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் அதை வாங்கிவிட்டது.

இதுவரை பார்த்தது: ரவுட்டர் ஐபி முகவரி கொடுக்கும், வெளியே கொண்டுபோகும். ஸ்விட்ச் மேக் முகவரியைப் பார்த்து, வீட்டுக்குள் மட்டும் சரியான போர்ட்டுக்கு அனுப்பும்.

வேகம் பாதியாகுமா?

எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்சில் ஒவ்வொரு போர்ட்டும் ஒரே நேரத்தில் 1 ஜிபிபிஎஸ் (வினாடிக்கு 100 கோடி பிட், அதாவது 1000 எம்பிபிஎஸ்) அனுப்பவும் 1 ஜிபிபிஎஸ் வாங்கவும் முடியும். அட்டைப்பெட்டியில் 16 ஜிபிபிஎஸ் ஸ்விட்சிங் திறன் என்று போட்டிருப்பதன் கணக்கு இதுதான்: எட்டு போர்ட், இரண்டு திசை. முதல் போர்ட்டும் இரண்டாம் போர்ட்டும் முழு வேகத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்றும் நாலும் முழு வேகத்தில் பேசலாம். எட்டில் ஒரு பங்கு என்ற பேச்சே இல்லை.

பங்கு எங்கே வருகிறது என்றால், எல்லோரும் ஒரே வழியில் போக முண்டும்போது. இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றால், ஸ்விட்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீடு மொத்தத்துக்கும் அந்த 100 தான். அதேபோல மாடியில் இருக்கும் நாலு கணினிகளும் கீழே இருக்கும் ஒரே சர்வரிலிருந்து கோப்பு எடுத்தால், மாடிக்கும் கீழுக்கும் நடுவே போகும் அந்த ஒற்றை வயரின் 1 ஜிபிபிஎஸ்ஸை நாலு பேரும் பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டும்.

வீட்டுக்குள் வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 10 ஜிபி கல்யாண வீடியோவை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். கிகாபிட் வழியில் வினாடிக்கு 110 எம்பி (மெகாபைட், ஒரு பைட்டுக்கு எட்டு பிட்) போல நகரும், ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். வழியில் எங்காவது ஒரே ஓர் இடம் 100 எம்பிபிஎஸ் ஆக இருந்தால் வினாடிக்கு 11 எம்பிதான், கால் மணி நேரம் ஆகும். அந்த ஓர் இடம் பெரும்பாலும் இணைப்போடு வந்த பெட்டியாக இருக்கும். பல ஓஎன்டிகளில் நாலு போர்ட்டில் ஒன்று மட்டும் கிகாபிட், மற்றவை 100. ஸ்விட்சை அந்த ஒரு கிகாபிட் போர்ட்டில் செருகி, மற்ற கருவிகளை எல்லாம் ஸ்விட்சுக்கு மாற்றுங்கள். "ஸ்விட்ச் போட்டதும் வேகம் கூடிவிட்டது" என்று சிலர் சொல்வது இப்படி நடந்ததால்தான்.

எதை வாங்குவது

இப்போதைய தேவையை எண்ணி, மேலே இரண்டோ மூன்றோ சேர்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டருக்குப் போகும் வயரும் ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ளும் என்பதால் ஐந்து போர்ட் ஸ்விட்சில் கையில் கிடைப்பது நாலுதான். வீட்டுக்கு எட்டு போர்ட் நல்ல அளவு. 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சை விலை குறைவு என்று வாங்க வேண்டாம், கிகாபிட்டே வாங்குங்கள்.

கடையில் மேனேஜ்டு வேண்டுமா என்று கேட்பார்கள். உள்ளே நுழைந்து அமைப்புகளை மாற்றக்கூடியது என்று பொருள். ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்க வேண்டிய அலுவலகத்துக்கு அது தேவைப்படும், வீட்டுக்கு வேண்டாம்.

கேமரா மாட்டுகிறவர்கள் மட்டும் பிஓஇ ஸ்விட்சைப் பாருங்கள். லேன் வயரிலேயே மின்சாரமும் அனுப்பும் ஏற்பாடு அது. இதில் போர்ட்டுக்கு எத்தனை வாட் என்பதை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. பெட்டி மொத்தத்துக்கும் எத்தனை வாட் என்ற எண் முக்கியம். மொத்தம் 60 வாட் ஸ்விட்சில் எட்டு கேமரா மாட்டியிருக்கிறோம் என்று வையுங்கள். பகலில் ஒவ்வொன்றும் 5 வாட் எடுத்தால் 40 வாட், எல்லாம் ஓடும். இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்து ஆளுக்கு 8 வாட் ஆகும்போது 64 ஆகிவிடுகிறது. ராத்திரியில் மட்டும் ஒரு கேமரா அணைந்து அணைந்து எரிகிறது என்றால் கேமராவைக் கழற்றும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கோளாறின் பாதி வயரில்

ஸ்விட்ச் பழுதாவது அபூர்வம். வயரும் அதன் தலையில் இருக்கும் ஆர்ஜே 45 கனெக்டரும்தான் அடிக்கடி தொல்லை தருபவை. வீட்டுக்குக் கேட் 6 வயர் போதும், நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. சந்தையில் "சிசிஏ" என்று ஒரு ரகம் உண்டு. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு. விலை குறைவு, பார்க்கச் செம்பு மாதிரியே இருக்கும். பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நாலு முறை வளைத்தால் ஒடியும், மின்தடை அதிகம் என்பதால் பிஓஇ கேமராவுக்குப் போய்ச் சேரும் மின்சாரமும் குறையும். சுவருக்குள் பைப்பில் போடுகிற வயரில் மிச்சம் பிடிக்கவே கூடாது, பிறகு சுவரை உடைத்தா மாற்றுவது?

வயருக்குள் எட்டுக் கம்பிகள், நாலு முறுக்கிய ஜோடிகளாக. முறுக்கு அழகுக்கு அல்ல. வெளியிலிருந்து இரைச்சல், அதாவது வேண்டாத மின்குறி, வந்தால் ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு விழும். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிக்கும், இரைச்சல் கழிந்துபோகும். இது ஜோடி பிரியாமல் இருந்தால்தான் நடக்கும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கனெக்டரின் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்க, பொன்னிற முனைகள் மேலே தெரிய, இடமிருந்து வலமாகச் சரியான வரிசை இது: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி பிரிந்து நடுவில் நீல ஜோடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதைப் பாருங்கள். "எதற்கு இந்தச் சுற்று, இரு முனையிலும் ஒரே மாதிரி போட்டால் சரிதானே" என்று ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என ஜோடி ஜோடியாக நேராக அடுக்கிவிடுவார்கள். மலிவு டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரியும். வயர் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். ஆனால் கருவிகள் 3, 6 ஆகிய இரு முனைகளையும் ஒரே ஜோடியாக நினைத்துப் படிக்கின்றன. இந்த வயரில் மூன்றில் இருப்பது பச்சை ஜோடியின் கம்பி, ஆறில் இருப்பது நீல ஜோடியின் கம்பி. இரைச்சல் கழியாது. ஒரு மீட்டர் வயரில் ஓடினாலும் ஓடும், இருபது மீட்டரில் வேகம் விழும், அடிக்கடி துண்டிக்கும்.

முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. வெளி உறை கனெக்டருக்குள் நுழைந்து, கிரிம்பிங் கருவி அழுத்தும்போது உறையைப் பிடிக்கவேண்டும். இல்லையென்றால் இழுக்கும்போது பாரம் முழுக்கக் கம்பிகள் மேல் விழும். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் வயரைச் செருகாதீர்கள். இடையே ஓரடியாவது விடுங்கள், குறுக்கே கடக்கவேண்டி வந்தால் நேர்செங்குத்தாகக் கடக்கட்டும்.

100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். ஆகவே கிகாபிட் ஸ்விட்சில் ஒரு கணினி மட்டும் 100-இல் நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் நீலம் அல்லது பழுப்புக் கம்பி மேல் விழவேண்டும்.

செருகும் வரிசை

ஓஎன்டியின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு வயர், ஸ்விட்சின் ஏதாவது ஒரு போர்ட்டுக்கு. சாதாரண ஸ்விட்சில் எல்லா போர்ட்டும் சமம், முதல் போர்ட்தான் என்று விதி இல்லை. பிறகு ஸ்விட்சோடு வந்த அடாப்டரை மட்டும் செருகுங்கள். ஒரே மாதிரி முனை இருந்தாலும் 5, 9, 12 வோல்ட் என்று வேறுபடும், மாற்றிச் செருகினால் பெட்டி கருகும். ஓஎன்டி வயர் செருகிய போர்ட்டின் விளக்கு எரிந்த பிறகு கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள்.

விண்டோஸ் கணினியில் ஈதர்நெட் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் இணைப்பு வேகம் 1000/1000 என்று தெரியும். அங்கேயே ஐபி முகவரியையும் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் எல்லாம் சரி. 169.254 என்று தொடங்கினால் கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரி வரவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓஎன்டிக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலான வயரிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

சில வீடுகளில் ஓஎன்டியை 'பிரிட்ஜ்' முறையில் வைத்து, ரவுட்டர் வேலையைத் தனி ரவுட்டருக்குக் கொடுத்திருப்பார்கள். அப்போது ஸ்விட்ச் ரவுட்டருக்குப் பின்னால்தான் வரவேண்டும். ஓஎன்டியிலேயே நேராகச் செருகினால் முகவரி கொடுக்க அங்கே ஆள் இல்லை.

ஒரே ஒரு வயர் வீட்டையே நிறுத்தும் கதை

மேசைக்கு அடியில் ஒரு வயரின் முனை சும்மா தொங்குகிறது. பெருக்கித் துடைக்கும்போது யாரோ பார்த்து, கழன்றுவிட்டது போலிருக்கிறது என்று ஸ்விட்சின் காலி போர்ட்டில் செருகிவிடுகிறார்கள். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருக்கிறது. சில வினாடிகளில் அலுவலகம் முழுக்க நெட் போய்விடும்.

என்ன நடந்தது? சில ஃபிரேம்கள் எல்லோருக்கும் போகவேண்டியவை. "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்ற கேள்வி அப்படிப்பட்டது. இதற்கு பிராட்காஸ்ட் என்று பெயர். ஸ்விட்ச் அதை எல்லா போர்ட்டிலும் போடும். வளையமாகிவிட்ட வயரின் ஒரு முனையில் வெளியே போனது மறுமுனையில் உள்ளே வரும். புதிதாக வந்தது என்று நினைத்து மறுபடி எல்லா போர்ட்டிலும் போடும். ஃபிரேமுக்கு ஆயுள் என்று எதுவும் எழுதப்படவில்லை, யாராவது வயரைப் பிடுங்கும்வரை அது சுற்றும். புதுக் கேள்விகள் சேரச் சேர வயர் முழுக்க இதுவே நிரம்பிவிடும். இதுதான் லூப்.

அடையாளம் தெளிவானது. எல்லா போர்ட் விளக்குகளும் ஒன்றாக, வெறிபிடித்தது போலத் துடிக்கும். ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் மாறாது. வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் துடிப்பு அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. மேனேஜ்டு ஸ்விட்சுகள் இந்த வளையத்தைத் தாமாகவே கண்டு ஒரு போர்ட்டை அடைத்துவிடும். அதற்கான முறையை 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் உருவாக்கியவர் ரேடியா பெர்ல்மன். வீட்டுக்கு வாங்கும் சாதாரண ஸ்விட்சில் பெரும்பாலும் இது இருக்காது. ஆகவே சும்மா தொங்கும் வயர் இருந்தால் இரு முனையிலும் காகிதம் ஒட்டி எண் எழுதிவையுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள்.

பழைய ரவுட்டரை ஸ்விட்சாகப் போடலாமா?

போடலாம், அப்படியே செருகினால் மட்டும் வம்பு. வீட்டில் ஐபி முகவரி கொடுக்கிறவர் ஒருவர்தான் இருக்கவேண்டும். முகவரி கொடுக்கும் அந்த வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். பழைய ரவுட்டரை அதன் லேன் போர்ட் வழியாக இணைத்தால் அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பிக்கும். எந்தக் கருவிக்கு எது முந்திப் பதில் சொல்கிறதோ அதன் முகவரி கிடைக்கும். பழைய ரவுட்டரிடம் வாங்கியவர்களுக்கு வெளியே போக வழி இருக்காது. "டிவியில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை, நாளைக்கு மாறி வருகிறது" என்ற புகார் இதிலிருந்துதான்.

சரி செய்ய, பழைய ரவுட்டரைத் தனியாக ஒரு கணினியில் மட்டும் மாட்டி அதன் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையுங்கள். முதன்மைப் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். டிஹெச்சிபியை அணையுங்கள். பிறகு முதன்மைப் பெட்டியிலிருந்து வரும் வயரை இதன் லேன் போர்ட் ஒன்றில் செருகி, வெளி இணைப்புக்கென்று இருக்கும் வான் (WAN) போர்ட்டைக் காலியாக விடுங்கள். இனி இது வைஃபையும் உள்ள ஒரு ஸ்விட்ச்.

கரண்டும் இடியும்

கரண்ட் போனதும் ஓஎன்டி இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்கும், ஸ்விட்ச் மட்டும் சாதாரண பிளக்கில் இருந்து அணைந்திருக்கும். "நெட் போச்சு" என்று இணைப்புக்காரருக்குப் போன் போகும். எட்டு போர்ட் ஸ்விட்ச் 5 வாட் அளவில்தான் எடுக்கும், அதையும் இன்வெர்ட்டர் பிளக்கிலேயே மாட்டிவிடுங்கள்.

எதிரெதிரே இரண்டு கட்டடங்கள் இருந்து, நடுவே வெளியில் லேன் வயர் இழுத்திருந்தால், பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலும் இரு முனையிலும் போர்ட்கள் போய்விடலாம். செம்பு வழியே அந்த மின்பாய்ச்சல் உள்ளே வருகிறது. கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் தூரத்துக்கு ஃபைபர் போட்டு, இரு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். அது ஒளியை லேன் வயராக மாற்றித் தரும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. வாங்கும்போது உலோகக் கம்பியோ கவசமோ இல்லாத ஃபைபர் வயராகப் பார்த்து வாங்குங்கள். தாங்குவதற்காக எஃகுக் கம்பி சேர்த்த ரகமும் கடையில் உண்டு, அந்தக் கம்பி வழியாக இடி உள்ளே வந்துவிடும்.